கற்பூரம் காட்டாத பக்கம்

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரு போடாம ஒண்ணு எழுதிப் பாத்தீங்களா மொதலாளி, ரெண்டுல எது நல்லா வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்பார். பதில் சொல்ல என்னிடம் இரண்டாவது கட்டுரை இருக்காது.

அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அக்கா.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் நான் ஒரு சின்னக் கம்பெனி நடத்தினேன். ஃபியூஸ் கேரியர் செய்வோம். வீட்டில் கரண்ட் போனால் மெயின் போர்டிலிருந்து பிடுங்கி, கம்பி சுற்றி, சாமியைக் கும்பிட்டுத் திரும்பச் செருகுவார்களே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைதான். கொலு சமயத்தில் மட்டும் பொம்மையும் செய்வோம். அக்காவுக்குச் செக்கர் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டையையும் விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, இந்தக் கூடையா அந்தக் கூடையா என்று சொல்லிவிடுவார். தப்பே வராது.

களிமண் சாமான் சுட்டால் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று தெரிய வேண்டுமானால் சுடாத ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் சூளையில் ஏற்றும் ஒவ்வொரு லோடிலும் ஒரு பச்சைக் கட்டையை எடுத்து, பென்சிலால் நம்பர் போட்டு, அலமாரியில் வைத்துவிடுவோம். அதற்கு அக்கா வைத்திருந்த பெயர் 'சும்மா இருக்கிறது'. எல்லா கம்பெனியிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் மற்றவர்கள் ஆறு மணிக்கு அந்த வழக்கத்தைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அக்கா அதைக் கையோடு எடுத்துப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் மைக் வைத்துக் கூந்தல் தைலம் விற்றான். எங்கள் கம்பெனிப் பெண்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினார்கள். அக்காவும் வாங்கினார். வகிடு எடுத்து, இடப்பக்கம் மட்டும் தடவிக்கொண்டார். இரண்டு மாதம். இடப்பக்கம் எண்ணெய் வழிய, வலப்பக்கம் காய்ந்து பறக்க, சேத்தியாத்தோப்பில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கே அப்படிப் போய் போட்டோவுக்கும் நின்றார். மாப்பிள்ளை வீட்டார், இந்த அம்மாவுக்கு என்ன உடம்புக்கு என்று தனியாக விசாரித்தார்களாம்.

"என்னக்கா ஆச்சு தைலம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டுது மொதலாளி" என்றார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. சந்தேகம் தீர்ந்த திருப்திதான் இருந்தது. மற்ற பெண்கள், தைலம் போட்ட பிறகு முடி கொட்டுவது குறைந்திருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொருத்தியிடமும் போய், "எதுக்குப் பக்கத்துல வச்சிப் பாத்த?" என்று கேட்டு அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்தார்.

இது அவரோடு பழகியவர்கள் எல்லோரும் பட்ட பாடு. புது டாக்டர் கைராசிக்காரர் என்று சொல்ல முடியாது. போகாதவனுக்கு எத்தனை நாளில் காய்ச்சல் விட்டது என்று கேட்பார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பரம சாது. "உங்க வூட்டுக்காரர் தங்கமான மனுசன்க்கா" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இன்னொண்ணு இல்லாததால சொல்றீங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா எதுவும் நல்லதாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையைச் சுண்டினார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சூளைக்கே வந்துவிட்டார் ஒருநாள். ஒரு சமயம் கட்டைகள் நிறைய விரிசல் விட்டன. எங்கள் சூளை மேஸ்திரி, கண்ணு பட்டுவிட்டது, இனி பற்ற வைக்கும் முன்னால் இரட்டைக் கற்பூரம் காட்ட வேண்டும் என்றார். மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான், அவர் இல்லாமல் சூளை எரியாது. காட்டுங்கள் என்றேன். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"காட்டுங்க மேஸ்திரி, நான் வேணாங்கல. வலது பக்க அடுக்குக்கு மட்டும் காட்டுங்க. இடது பக்கம் சும்மா இருக்கட்டும்."

மேஸ்திரி தோளிலிருந்த துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். இடது பக்கம் மட்டும் யார் வீட்டு சாமிக்கு ஆகாது என்று கேட்டார். அரைநாள் வேலை நின்றது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கெஞ்சிய பிறகு, கடைசியில் மேஸ்திரி தட்டை வலது பக்கமாகவே சுற்றினார். புகை தன்னால் இடது பக்கம் போனால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார். சூளை பிரித்ததும் அக்கா இரண்டு பக்க விரிசலையும் தனித்தனியாக எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். என்ன வந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. மேஸ்திரி ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்.

"சாமி விசயம். ஒரு தடவ பாத்துட்டு சொல்லக் கூடாது. பத்து தடவ பாக்கணும்" என்றார் அக்கா. பத்து தடவைக்கு மேஸ்திரி சம்மதிக்கவில்லை.

இப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் விஞ்ஞானி ஆகப் புறப்பட்டேன் பாருங்கள், அந்தக் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். சலூனில் காத்திருந்தபோது ஒரு விவசாயப் பத்திரிகையைப் புரட்டினேன். வெளிநாட்டில் கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி வளர்க்கிறார்களாம். அதற்குள் கார்பன் டை ஆக்சைடைக் குழாய் வைத்து விடுகிறார்களாம். செடி அதைத் தின்று மளமளவென்று வளர்கிறதாம். எனக்கு அரைத் தலை முடிவெட்டோடு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. என் சூளை கேஸில் எரிகிறது. எரிந்த புகையில் அதுதான் இருக்கிறது. இத்தனை வருஷமாக உரத்தை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

கம்பெனிக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு கூடாரம் போட்டேன். புகைபோக்கியிலிருந்து தகரக் குழாய் இழுத்து, ஒரு தண்ணீர்த் தொட்டி வழியாக விட்டுச் சூடு தணித்து, சின்ன ஃபேன் வைத்து உள்ளே தள்ளினேன். மேஸ்திரி பயந்தார். சோடாவில் இருக்கிற காற்றுதான் இது என்று தைரியம் சொன்னேன். அப்படியானால் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள், வெயிலுக்கு ஆகும் என்றார். அக்கா மட்டும் பலகையில் சாக்பீஸால் எழுதி மாட்டினார்: பர்னர் எரியும்போது யாரும் உள்ளே போகக் கூடாது, இரண்டு பக்கத் தாளையும் தூக்கிவிட்டுத்தான் போக வேண்டும். "சோடா காத்தோட வேற என்னென்ன வருதோ" என்றார். அது நல்ல எச்சரிக்கை. எனக்குத் தோன்றாத எச்சரிக்கை.

எழுதி மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"பக்கத்துல இன்னொரு கூடாரம் போடுங்க மொதலாளி. அது சும்மா இருக்கட்டும்."

போட்டேன். வேறு வழி? அதே மூங்கில், அதே தாள், மண்வெட்டி எண்ணிக்கைக்கு அதே மண், ஒரே சொம்பில் தண்ணீர். விதையைக்கூட அக்கா எண்ணிப் போட்டார்.

முதலில் தண்டுக்கீரை விதைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூடாரத்திலும் ஒரே மாதிரி நின்றது. புகையை அது சட்டையே செய்யவில்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. "ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சிதுல்ல, அதுவும் தெரிஞ்சதுதான்" என்று அக்கா தேற்றினார். பக்கத்து ஊரிலிருந்து விவசாயம் படித்த தம்பி ஒருவர் விதை விற்க மோட்டார் சைக்கிளில் வருவார். அவர்தான் விளக்கினார்: "தண்டுக்கீரை, சோளம், கரும்பு எல்லாம் ஒரு சாதி சார். காத்துல கொஞ்சம் இருந்தாலும் இழுத்துக்கிற வித்தை அதுங்களுக்குத் தெரியும். கூடுதலா குடுத்தா வேணாங்கும். நெல்லு, கடலை, மணத்தக்காளி இதெல்லாம் இன்னொரு சாதி. அதுக்குப் போடுங்க."

மணத்தக்காளி போட்டேன். அதன் பிறகு நான் தரையில் நடக்கவில்லை. புகைக் கூடாரத்தில் இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். சும்மா இருந்த கூடாரத்தில் சாதாரண மணத்தக்காளி, பாவம், அது பாட்டுக்கு நின்றது. பேட்டை முழுக்க வந்து பார்த்தார்கள். நான் வருகிறவர்களுக்கெல்லாம் தாளைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். கூடாரத்தின் மூலையில் பார்த்தீனியமும் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது, ஏதோ ஒரு காட்டுக் கொடி மூங்கிலைச் சுற்றிக்கொண்டு கூரைக்கே போய்விட்டது. அதை நான் காட்டவில்லை. அக்கா காட்டினார். "நீங்க போட்ட விருந்துக்கு அழைக்காதவனுங்களும் வந்து ஒக்காந்துட்டானுங்க" என்றார்.

பேட்டைக்குப் பின்னால் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் தங்களுக்குள் பேசி, ஒரு வீட்டைப் பிடித்து, ஒரு ஆயாவை வைத்து நடத்தினார்கள். இருபது முப்பது பிள்ளைகள். மதியம் சோற்றில் பாசிப்பயறு வேகவைத்துப் போட்டுப் பிசைந்து கொடுப்பார்கள். அந்தக் காப்பகத்துக்கு என் கீரையை இலவசமாக அனுப்பினேன். தினமும் ஒரு கட்டு. ஆயா இலையை விரித்துப் பார்த்து வாயில் கை வைத்தார். "இவ்ளோ பெரிய கீரை இருக்கும்போது பயறு எதுக்கு, இதுலயே எல்லாம் இருக்குது" என்று சொல்லப்பட்டது. பயறை நிறுத்திவிட்டார்கள். அப்படிச் சொன்ன மகான் நான்தான்.

எனக்கு வந்த பெயரைச் சொல்லி மாளாது. டீக்கடையில் எழுந்து நின்றார்கள். சுதந்திர தினத்துக்குக் காப்பகத்தில் கொடி ஏற்ற வேண்டும் என்று வந்து கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் ஏற்றியது சூளைக்கு லோடு மட்டும்தான். வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

அக்கா மட்டும் இரண்டு கூடாரத்திலிருந்தும் இலை பறித்துக்கொண்டு போனார். ஒருநாள் என் மேஜைமேல் இரண்டு ஸ்வீட் டப்பா இருந்தது. வெளியூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், எனக்காகத்தான் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று உரிமையோடு ஒன்றைத் திறந்தார். உள்ளே பத்துப் பச்சைப் புழு. அன்று அவர் ஆர்டர் கொடுக்காமலே போனார்.

"ஒண்ணுல பொகைக் கீரை, ஒண்ணுல சும்மாக் கீரை. ரெண்டுலயும் பத்துப் பத்துப் புழு" என்றார் அக்கா, டப்பாவை மூடிக்கொண்டே. "பாருங்க. பொகைக் கீரை டப்பாவுல எலை மத்தியானமே காலி. இது சாயந்தரம் வரைக்கும் கெடக்குது."

"அப்ப என் கீரை ருசியா இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கூடு கட்டுனது யாரு? சும்மாக் கீரை டப்பாக்காரன்தான் மொத. பொகைக் கீரைக்காரன் தின்னுக்கிட்டே கெடக்கிறான், வளரக் காணோம்."

புழு பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் தொழிலை விட முடியாது என்று சொல்லிவிட்டேன். அக்கா விடவில்லை. பீங்கான்காரருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் ஒரே வழிதான் தெரியும், சூளையில் போட்டுப் பார்ப்பது. இரண்டு கீரையையும் காயவைத்து, கலர்ப்பொடி நிறுக்கும் சின்னத் தராசில் சம எடை நிறுத்து, இரண்டு கிண்ணத்தில் போட்டு, ஃபியூஸ் கட்டை லோடோடு உள்ளே அனுப்பிவிட்டார். எரிந்தபின் மிஞ்சும் சாம்பல்தானே மண்ணிலிருந்து வந்த சத்து, எதில் அதிகம் மிஞ்சுகிறது என்று பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் எங்கள் சூளைச் சூட்டில் சாம்பல் சாம்பலாக இருக்காது. வெளியே எடுத்தால் கிண்ணத்துக்குள் பளபளவென்று பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தது. மணத்தக்காளிக் கீரை, பீங்கானுக்குப் பூசும் கிளேஸ் ஆகிவிட்டது. சுரண்டினாலும் வரவில்லை. மேஸ்திரி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த கலர் நமக்கு இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று வருத்தப்பட்டார். நான் சிரித்த சிரிப்பில் அக்கா அன்று என்னிடம் பேசவே இல்லை.

மறுநாள் பொம்மைக்கு கலர் சுடும் சின்ன அடுப்பில், குறைந்த சூட்டில் வைத்தார். இந்தமுறை வெள்ளைச் சாம்பல் வந்தது. தராசில் வைத்தார். புகைக் கீரைச் சாம்பல் தட்டு மேலே போயிற்று. இன்னும் இரண்டு தடவை சுட்டார். மூன்று தடவையும் அதே தட்டுதான் மேலே போயிற்று. நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

விதைக்காரத் தம்பி வந்தபோது கேட்டோம். அவர் தராசைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதைத்தான் சார் படிச்சோம். காத்து கூடுதலா கெடைச்சா இலை மாவும் சர்க்கரையும் நெறைய செய்யும். ஆனா இரும்பு, துத்தநாகம், புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்து இதெல்லாம் மண்ணுலேருந்து வரணும். அது அதே அளவுதான் வருது. பெரிய இலையில அது பரவிடுது. போதாததுக்கு இலை தண்ணியும் கம்மியா குடிக்கும். தண்ணியோட வர்றதும் கொறையும். புழு அதனாலதான் தின்னுக்கிட்டே இருந்திருக்கும். வேண்டியது கெடைக்கிற வரைக்கும் திங்கும்ல."

"களியில தண்ணி கூடுனா அச்சு நெறைஞ்சிடும். உள்ள சரக்கு இல்லங்கறது சுட்டாத்தான் தெரியும்" என்றார் அக்கா.

"அதேதான்க்கா. நம்ம கூடாரத்துல மட்டும் இல்ல. வண்டி, சூளை, கரி எரிக்கிறதுன்னு உலகம் பூரா காத்துல இது வருசா வருசம் ஏறிக்கிட்டே இருக்குது. நெல்லு, கோதுமைக்கும் இதே கதைதான், மெதுவா நடக்கும். பயறு வகைக்குத்தான் புரதம் அவ்வளவா கொறையாது. வேருல இருக்கிற முடிச்சு தழைச்சத்தைக் காத்துலேருந்தே புடிச்சிக்கும்."

அக்கா எழுந்து பின்பக்கம் போனார். சும்மா இருந்த கூடாரத்தின் முன்னால் நின்றார். திரும்பி வந்து தம்பியைக் கேட்டார்: "அப்ப இது சும்மா இருக்கிறது இல்லியா?"

"இல்லக்கா. இதுவும் உங்க தாத்தா காலத்துக் காத்து இல்ல."

அலமாரியில் அவர் வைத்த பச்சைக் கட்டைகளை யாரோ எடுத்துச் சுட்டுவிட்ட மாதிரி அவருக்குக் கோபம் வந்தது. பழைய காற்றை எங்கேயாவது மூடி வைத்திருப்பார்களா என்று கேட்டார். துருவத்துப் பனிக்கட்டிக்குள் குமிழியாக இருக்கிறது, அதை உடைத்துத்தான் பார்க்கிறார்கள் என்றார் தம்பி. அக்கா அன்று சாயங்காலம் ஐஸ் கடைப் பக்கம் போனதாக மேஸ்திரி சொன்னார். அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "மொத்தத்தையும் சூளையில ஏத்திட்டாங்களே மொதலாளி. ஒண்ணுகூட எடுத்து வைக்காமலா ஏத்துவாங்க?" என்று என்னமோ நான்தான் ஏற்றினவன் போலக் கேட்டார். என் சின்னச் சூளையும் அதில் கொஞ்சம் ஏற்றியதுதான்.

கொடி ஏற்ற இரண்டு நாள் இருக்கும்போது அக்கா என் அறைக்கு வந்தார். காப்பகத்தில் பயறைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், கீரையால் ஆகாது என்றார். புதுச் சட்டை அன்றுதான் தையல்காரரிடமிருந்து வந்து நாற்காலியில் தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது.

"புழுவும் சாம்பலும் புள்ளைங்க ஆயிடுமாக்கா? இத்தனை பேர் நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க" என்றேன். பிறகு ஒரு யோசனை வந்தது. அவரை அவர் ஆயுதத்தாலேயே மடக்கிவிட்டேன் என்ற குஷியோடு சொன்னேன்: "சரி, உங்க வழியிலேயே போவோம். பாதிப் புள்ளைங்களுக்குப் பயறு போடச் சொல்றேன். பாதி, கீரையோட சும்மா இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சி எடை போட்டுப் பாப்போம்."

கையில் வைத்திருந்த கட்டையை அக்கா மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"எங்க வூட்ல நாங்க ரெட்டைங்க மொதலாளி. நானும் எந்தம்பியும். ஒரே வயிறு, ஒரே நாளு. அவனுக்கு முட்டை, பாலு, கடலை உருண்டை. எனக்குக் கஞ்சி. வேணும்னு பண்ணல. இருந்தது ஒருத்தருக்குத்தான் காணும்னு பண்ணாங்க. அவன் இப்ப ஆறடி. பேங்குல இருக்கிறான். நான் எட்டாவதுல ப்ரேயர்ல நிக்க முடியாம வுழுந்து வுழுந்து, ஸ்கூலே வேணாம்னு நிறுத்திட்டாங்க. என்னைப் பாருங்க."

பார்த்தேன். இத்தனை வருஷம் தினம் பார்த்தவரை அன்றுதான் பார்த்தேன். என் தோளுக்குக் கீழே இருந்தார்.

"ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கிறப்ப எல்லாரும் அவன் எவ்ளோ வளந்துட்டான்னுதான் சொன்னாங்க. சும்மா இருந்ததை யாரும் பாக்கல" என்றார். கட்டையை எடுத்துச் சுண்டிப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த வெட்கத்தை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நேராகப் பின்னால் போய்த் தகரக் குழாயைக் கழற்றினேன். சூடு ஆறாத குழாய், கை பொசுங்கியது. மேஸ்திரி மருந்து போட்டுவிட்டார்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றினேன். கையில் கட்டு இருந்ததால் முடிச்சு லேசில் அவிழவில்லை. மேஸ்திரி வந்து இழுத்துவிட்டார். பூ கொட்டியது. பேசச் சொன்னார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், தாய்மார்கள் பின்னால் நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் கீரை பார்க்கத்தான் பெரிசு, அதில் சத்து குறைவு, அதை நம்பிப் பயறை நிறுத்தச் சொன்னது என் தப்பு என்றேன்.

கை தட்டினார்கள். "என்னா அடக்கம் பாரு மொதலாளிக்கு" என்றார் ஆயா.

அடக்கம் இல்லை, உண்மையாகவே சொல்கிறேன், சுட்டுப் பார்த்தாயிற்று, சாம்பல் குறைவு என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மேடை ஏறி உண்மை சொல்கிறேன், அதையும் பெருந்தன்மை ஆக்கிவிட்டார்கள். நான் கூட்டத்தில் அக்காவைத் தேடினேன்.

அவர் தாய்மார்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மொதலாளி அடக்கமாச் சொல்லல. நெசத்தச் சொல்றாரு. கீரை போடுங்க, வேணாங்கல. ஆனா பயறை நிறுத்தாதீங்க. நாளையிலேருந்து மறுபடியும் போடுங்க" என்றார்.

கைதட்டல் நின்றது. எங்கள் கம்பெனியில் அச்சில் களி ஊற்றும் பெண் ஒருத்தி கூட்டத்தில் இருந்தாள். தைலம் வாங்கிய நாளிலிருந்து அக்காவிடம் கேள்வி வாங்கி வாங்கிச் சலித்தவள். அவளுக்கு இப்படி ஒரு சமயம் இனி எப்போது வாய்க்கும்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எதுக்குப் பக்கத்துல வச்சிப் பாத்தீங்கக்கா? பயறு திங்கிற புள்ளை எது, திங்காத புள்ளை எது, காட்டுங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேஸ்திரிக்குப் பரம திருப்தி. அக்கா முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாக்கல" என்றார். "பாக்கவும் மாட்டேன். எல்லாத்துக்கும் போடுங்க. இதுல ஒண்ணைக்கூட சும்மா வுடாதீங்க."

அக்கா தோற்றுவிட்டார் என்று இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லித் தந்திருந்த மிட்டாய்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றேன்.

"குடுங்க மொதலாளி" என்றார் அக்கா. "புள்ளைங்க கைய நீட்டிக்கிட்டு இருக்குதுங்க."